அரிசி ஸ்டோருக்கு அடித்த மணி

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதம் நடந்தது இது. குமுளியிலிருந்து மலைக்குள்ளே தள்ளி இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் நான் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். ஒரே அறை, ஒரே டீச்சர், எல்லா வகுப்பும் அதற்குள்தான். என் கணவருக்கு அதே டிவிஷனில் ஃபீல்டு ஆபீசர் வேலை. நான் பிறந்தது பொள்ளாச்சியைத் தாண்டி முதலமடைப் பக்கம். அங்கே நாலு துளி விழுந்தாலே வாசலுக்கு ஓடி வந்து வேடிக்கை பார்ப்போம். இங்கே வந்த பிறகு வெயிலைத்தான் அப்படி வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. அந்த மழையோடு நான் கடைசிவரை சமாதானமாகவில்லை.

எங்கள் எஸ்டேட் போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது.

சுவரில் மாட்டிய மரப்பெட்டி, பக்கத்தில் சுழற்றுவதற்கு ஒரு கைப்பிடி. துரை பங்களா, ஃபேக்டரி, ஆஸ்பத்திரி, அரிசி ஸ்டோர், ஒவ்வொரு டிவிஷனிலும் ஆள் கணக்கு எடுக்கிற மஸ்டர் ஆபீஸ் என்று எல்லா இடத்துக்கும் ஒரே கம்பிதான். எங்கள் மஸ்டர் ஆபீஸ் எங்கள் வீட்டை ஒட்டியே இருந்தது. ஓர் இடத்தில் கைப்பிடியைச் சுழற்றினால் எல்லா இடத்திலும் மணி அடிக்கும். யாருக்கு என்பதை மணி அடிக்கிற விதத்தை வைத்துக் கண்டுகொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்கு மூன்று நீள மணி. ஸ்டோருக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை. இப்படி ஆளுக்கொரு தாளம்.

யாருக்கு மணி அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள். அதை ஒருவரும் தப்பாக நினைத்ததில்லை. பத்திரிகை மறுநாள்தான் வரும், சினிமா பார்க்கக் கம்பம் போக வேண்டும், வேறு என்னதான் இருந்தது எங்களுக்கு? வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சத்தம் காட்டாமல் கேட்பதில் ஒவ்வொருவரும் கெட்டிக்காரர்கள். நானும் குறைந்தவள் இல்லை. அதிலும் ஆஸ்பத்திரி மணி என்றால் கேட்கவே வேண்டாம். யாருக்கு என்ன, பிரசவமா, அட்டை கடித்ததா, மரத்திலிருந்து விழுந்தானா என்று அடுப்பில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம்.

ஸ்டோர் மணிக்கு மட்டும் ஒருவரும் எடுக்க மாட்டோம். காரணம் ஸ்டோர்க்காரர். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். யாராவது ரிசீவரை எடுத்த ‘டிக்’ சத்தம் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, “யாருவே அது, ஒட்டுக்கேக்குறது? உம்ம டிவிஷன்லேருந்து இன்னும் வெறுஞ்சாக்கு வந்து சேரலையே!” என்று பிடித்துக்கொள்வார். அப்புறம் மண்ணெண்ணெய் டின், அரிசிச் சாக்கு என்று வரிசையாகக் கணக்குக் கேட்பார். அவரிடம் மாட்டுவதற்கு அட்டைக்கடி மேல்.

அன்று காலையில் என் கணவர் வேலையாகக் கம்பத்துக்கு இறங்கிப் போயிருந்தார். எங்கள் பெண் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். இரவிலிருந்தே அவளுக்கு வயிறு சரியில்லை. பல் முளைக்கிறது, அதுதான் என்று நினைத்தேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவும் அதையேதான் சொன்னார். நாற்பது வயதுக்காரர், தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாதிப் பிள்ளைகள் அவர் இடுப்பில் வளர்ந்தவைதான். மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. காலையில் ஸ்டோர்க்காரர் என்னைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடக் கஞ்சிக்குக் கொடுத்த அரிசியின் சாக்கு எங்கே என்று ஒரு பாட்டம் சத்தம் போட்டார். கொட்டுகிற மழையிலும் அவர் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி கணீரென்று கேட்டது. காதிலிருந்து ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

உச்சிவேளைக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. குழந்தைக்குத் தண்ணீராகப் போக ஆரம்பித்தது. கூடவே வாந்தி. துணி மாற்றி மாளவில்லை. கண் இரண்டும் உள்ளே போய், உதடு காய்ந்து, அழுகிறாள், ஆனால் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் அழுவதையும் நிறுத்திவிட்டாள். அழுதபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கலாம் என்று கிளம்பினால், கீழே போய்ப் பார்த்து வந்தவர்கள் ஓடையின் மேல் இருந்த பாலம் போய்விட்டது என்றார்கள். சாலையில் மண் சரிந்து கிடந்தது. டாக்டரும் ஏறி வர முடியாது, நாங்களும் இறங்க முடியாது. எனக்கும் டாக்டருக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்தக் கம்பி ஒன்றுதான்.

மஸ்டர் ஆபீசுக்குக் குழந்தையைத் தூக்கி வந்து பெஞ்சில் கம்பளி விரித்துப் படுக்க வைத்தோம். ஆயா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் மூன்று நீள மணி அடித்தேன்.

டாக்டரே எடுத்தார். மலையாளி. வாயில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “டீச்சர், பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். இப்ப குட்டிக்கு வேண்டியது தண்ணி. தண்ணி நிறுத்தக் கூடாது, கேட்டோ?” என்றார்.

“தண்ணி குடுக்கலாமுங்களா?” என்று கேட்டேன். அதுவரை ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை நாங்கள். வயிறு போகிற பிள்ளைக்குத் தண்ணீர் ஆகாது என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்.

“குடுக்கணும். வெறும் தண்ணி போரா. உப்பும் சர்க்கரையும் சேத்து. நான் அளவு சொல்றேன். உப்பு அளவு தெற்றக் கூடாது, கூடிப்போனா குட்டிக்கு ஆபத்தாணு. எழுதிக்கோ...”

அந்த நேரம் பார்த்து ‘டிக்’ என்றது. அடுத்து இன்னொரு ‘டிக்’. ஆஸ்பத்திரி மணி அல்லவா, ஊரே எடுக்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு ‘டிக்’குக்கும் டாக்டரின் குரல் ஒரு படி கீழே இறங்கியது. “ஒரு லிட்டர்” என்று கேட்டது. அதற்குமேல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு முனகல். அப்புறம் அதுவும் இல்லை.

“டாக்டர், உப்பு எவ்வளவுங்க? கேக்கலைங்க! உப்பு எவ்வளவு?” கத்தினேன். பதிலுக்கு ஏதோ கரகரத்தது. அவர் சொல்கிறார் என்று தெரிகிறது, என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. உப்பு வேண்டும், உப்பு கூடினால் ஆபத்து, இந்த இரண்டும் தெரியும். எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. இதற்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கலாம்.

“எல்லாரும் போனை வெய்யுங்க! தயவுசெஞ்சு வெச்சிருங்க!” என்று அலறினேன். அலறியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உடனே தெரிந்தது. டீச்சர் கத்துகிறாளே, என்னவோ ஏதோ என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் ஓமம் என்கிறார், ஒருவர் மாதுளம் ஓடு என்கிறார், ஒரு பெண் குரல் “அய்யோ பிள்ளைக்கு என்னாச்சு” என்று அழுகிறது. எல்லாம் ஒன்றாகக் குழைந்து, சந்தைக்கடை இரைச்சலை ரொம்பத் தூரத்திலிருந்து கேட்பது போல இருந்தது. அதில் டாக்டர் எங்கே என்று தேடுவது?

ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு ஓடிவந்து, வெறும் தண்ணீராவது கொடுப்போம் என்று ஆறின வெந்நீரை ஒரு டம்ளரில் எடுத்தேன். ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம் டீச்சரம்மா. போற வயித்துல தண்ணி ஊத்துனா இன்னும்லா போகும். பிள்ளை தாங்காது, சொன்னாக் கேளுங்க.”

“டாக்டர் சொல்லிட்டாருங்க ஆயா, விடுங்க!” என்று கையை உதறினேன். அவர் முகம் சுண்டிப்போனது. நான் கவனிக்கிற நிலைமையில் இல்லை. குழந்தை பாவம், அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் டம்ளரைப் பிடித்து இழுத்து மடமடவென்று குடித்தாள். எனக்கு உயிர் வந்தது. மறுநிமிடம் குடித்தது அத்தனையும், அதற்கு மேலும், என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். தலை தொய்ந்து விழுந்தது. ஆயா தேம்பித் தேம்பி அழுதார். டாக்டர் சொன்னதே தப்போ, ஆயா சொன்னதுதான் சரியோ என்று ஒரு கணம் நினைத்தேன். என் பிள்ளையை நானே கொன்றுகொண்டிருக்கிறேனா என்றும் நினைத்தேன்.

மறுபடி போனுக்கு ஓடினேன். ரிசீவரை மாட்டி மணி அடிக்கலாம் என்று கைப்பிடியைப் பிடித்தால், ஆட்டுக்கல்லைச் சுற்றுவது போலக் கனத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாலும் மணி ‘க்ளிங்’ என்றுகூட வாய் திறக்கவில்லை. மழையில் கம்பி நனைந்து கெட்டுவிட்டது என்று யாரோ ஜன்னலுக்கு வெளியிலிருந்து சொன்னார்கள். மழை என்றால் எங்களுக்கு அப்படித்தான், எல்லாப் பழியும் அதன் தலையில்தான்.

எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. காலையில் இதே மழைதானே? இதே கம்பிதானே? ஸ்டோர்க்காரர் காது கிழியக் கத்தினாரே, அவர் குரல் மட்டும் எப்படி நனையாமல் வந்தது? அப்போதுதான் உறைத்தது. அவரும் நானும் மட்டும்தான் அப்போது கம்பியில் இருந்தோம். லயத்துக் குழாயில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்தால் மேட்டு வீட்டுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் தண்ணீர் வரும். அந்த மாதிரி, எடுத்த ஒவ்வொருவரும் டாக்டரின் குரலில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுழற்றி உண்டாக்குகிற மின்சாரத்தையும் அவர்கள் போன்களே இழுத்துக்கொண்டு, கைப்பிடி இப்படிக் கனக்கிறதென்றால் இன்னும் ஒருவரும் கீழே வைக்கவில்லை என்று அர்த்தம். என் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத் துடித்துக்கொண்டு எல்லோரும் காதில் வைத்தபடி நிற்கிறார்கள்!

நான் மணி அடிக்க அடிக்க, பேசப் பேச, அவர்கள் வைக்கப் போவதில்லை. ஒரே வழிதான் இருந்தது. நான் பேசாமல் இருக்க வேண்டும். கம்பியில் சத்தமே இல்லாவிட்டால் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள்?

ரிசீவரை மாட்டிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை. மடியில் பிள்ளை துணியாகக் கிடக்கிறாள், உதவிக்கு இருப்பது ஒரு போன், அதைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். “என்ன டீச்சரம்மா, விட்டுட்டீகளா?” என்று ஆயா கேட்டார். ஒரு ஸ்பூனால் குழந்தையின் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே இருந்தேன். சுவரில் இருந்த பெட்டியை வெறித்துக்கொண்டு, வையுங்கள் வையுங்கள் என்று மனதுக்குள் எல்லோரையும் திட்டினேன். எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்தான். ஆனாலும் திட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் போய்க் கைப்பிடியைக் கால் சுற்று சுற்றிப் பார்த்தேன். இன்னும் கனம். திரும்பி வந்து உட்கார்ந்தேன். இந்தத் தடவை இன்னும் அதிக நேரம் பொறுத்தேன். மறுபடி போய்த் தொட்டபோது லேசாகச் சுழன்றது.

ஆஸ்பத்திரிக்கு அடிக்கலாமா? அடித்தால் மறுபடியும் ஊரே எடுக்கும். அப்படியானால் ஒருவரும் எடுக்காத மணி எது? சிரிக்காதீர்கள், அந்தத் துக்கத்திலும் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு நீளம், இரண்டு குட்டை அடித்தேன். அரிசி ஸ்டோர்.

ஒரு ‘டிக்’. ஒன்றே ஒன்று. “யாருவே அது? ஸ்டோர்!” என்று கணீரென்று ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான்.

“அண்ணா, நான் மேல் டிவிஷன் டீச்சருங்க.”

“டீச்சரா? சாக்கு...” என்று ஆரம்பித்தவர், என் குரலில் இருந்த அழுகையைக் கேட்டு நிறுத்தினார். “என்னம்மா? பிள்ளைக்கு எப்படி இருக்கு? ஊரெல்லாம் அதே பேச்சாக் கெடக்கு.”

ஸ்டோரிலிருந்து எட்டிப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசல். விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு மணி அடிக்க வேண்டாம், யாருக்கும் சொல்லவும் வேண்டாம், டாக்டரை அங்கே கூட்டி வாருங்கள் என்றேன். “நீ வைக்காத, பிடிச்சுக்கிட்டே நில்லு” என்றார். அடுத்து அவர் செருப்புச் சத்தம், கதவு, மழை இரைச்சல். அவ்வளவு தெளிவாகக் கேட்டது. வேறு எந்த ‘டிக்’கும் வரவில்லை. வந்துவிடுமோ, வந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாக்குக் கணக்குக்குப் பயந்து எஸ்டேட்டே அடங்கிக் கிடந்தது.

டாக்டர் மூச்சிரைக்க வந்து எடுத்தார். இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. ஒரு வார்த்தை சொல்லுவார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும், சரி என்ற பிறகுதான் அடுத்தது. “கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர்.” சொன்னேன். “டீ ஸ்பூன். தலை தட்டி அளக்கணும், கூம்பாரமா அல்ல. உப்பு அரை ஸ்பூன்.” சொன்னேன். “அரைதானே?” “அரைதானுங்க.” “சர்க்கரை ஆறு ஸ்பூன்.” சொன்னேன். டம்ளரில் கொடுத்து வாந்தி எடுத்ததைச் சொல்லி அழுதேன். “அது தண்ணி குற்றமல்ல டீச்சர். ஒண்ணா குடுத்தா வயிறு தாங்காது. ஒரு ஸ்பூன் குடு. நில்லு. தங்கினா அடுத்த ஸ்பூன். சர்த்திச்சா, வாந்தி எடுத்தா, கொஞ்சம் பொறுத்து, முன்னயவிட மெதுவா ஆரம்பி. விட்டுடக் கூடாது. மூத்திரம் போனா எனக்குச் சொல்லணும்.”

நான் திருப்பிச் சொல்லச் சொல்ல ஆயா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துத் திரும்பினால், எதிர்ப்பேச்சு இல்லாமல், ஆபீசில் டீ போடுகிற அடுப்பில் தண்ணீர் ஏற்றிவிட்டிருந்தார். “இனி நான் ஊட்டுதேன், நீங்க கொஞ்சம் உக்காருங்க” என்றார். இரண்டு பேரும் மாறி மாறி ஊட்டினோம். ஒரு ஸ்பூன், நிறுத்து, பார். இடையில் ஒருமுறை வாந்தி எடுத்தாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பொறுத்திருந்து மறுபடி ஆரம்பித்தோம். பிற்பகல் முழுக்க இதேதான். நிற்கிறதா, தங்குகிறதா என்று அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்து எனக்குக் கழுத்து வலித்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில், மடியில் வெதுவெதுப்பாக ஒரு ஈரம். மழை ஒழுகுகிறதோ என்று மேலே பார்த்தேன். ஆயாதான் “அம்மாடி! பிள்ளை மூத்திரம் போயிருக்கு டீச்சரம்மா!” என்று கத்தினார். அதே நேரத்தில் குழந்தை சிணுங்கினாள். கண்ணோரத்தில் பளபளவென்று ஒரு சொட்டு. பெற்ற பிள்ளை அழுவதைப் பார்த்து நான் சிரித்தேன்.

டாக்டருக்குச் சொல்ல வேண்டும். ஸ்டோர் மணியைத்தான் அடிக்கப் போனேன். கை நின்றுவிட்டது. ஊர் முழுக்க அந்த நேரம்வரை ஒன்றும் தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கும் என்று அப்போதுதான் நினைவு வந்தது. ஆஸ்பத்திரிக்கே மூன்று நீள மணி அடித்தேன்.

‘டிக்’, ‘டிக்’, ‘டிக்’ என்று ஆலங்கட்டி விழுவது போல எல்லோரும் எடுத்தார்கள். டாக்டரின் ‘ஹலோ’ எங்கோ பாதாளத்தில் கேட்டது. நான் அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்: “பிள்ளை மூத்திரம் போயிட்டாளுங்க! அழறாளுங்க! கண்ணுல தண்ணி வருதுங்க!”

யாரோ பெருமூச்சு விட்டார்கள், யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அப்புறம் ஒரு ‘டிக்’. வைத்துவிட்டார் ஒருவர். அடுத்து இன்னொருவர். ஒவ்வொருவராக வைக்க வைக்க, டாக்டரின் குரல் பாதாளத்திலிருந்து படிப்படியாக ஏறி வந்தது. கடைசியில் பக்கத்தில் நின்று பேசுவது போல, “நல்ல வார்த்தை, நல்ல சேதி டீச்சர். ராத்திரியும் நிறுத்தாம குடுக்கணும், கேட்டோ?” என்றார். அதற்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பாலம் போட்டு, போக்குவரத்து சரியான பிறகு அன்று ஃபேக்டரி போனில் கேட்டுக்கொண்டு நின்ற டீமேக்கரை, தேயிலை பக்குவம் பார்க்கிறவரை, சந்தித்தேன். அன்றைக்கு ஏன் எல்லோரும் வைக்காமல் இருந்தீர்கள் என்று சண்டைக்குப் போகாத குறையாகக் கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. “நாங்க ஃபேக்டரியில ஒரு சத்தம்கூடப் போடலையே டீச்சர். உங்களுக்குத் தொந்தரவு ஆகக் கூடாதுன்னு மூச்சைக்கூட அடக்கிக்கிட்டுத்தானே நின்னோம்” என்றார். சத்தம் போடாவிட்டாலும் எடுத்தாலே குரல் குறைந்துவிடும் என்று அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

என் பெண்ணுக்கு இப்போது பேரன் பேத்தி எடுக்கிற வயது. ஆளுக்கொரு போன் கையில் இருக்கிறது. தெரிந்தவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று காதில் விழுந்தால் இன்றைக்கும் என் விரல் உடனே போனுக்குத்தான் போகிறது. ஆனால், அந்த நிமிடம் அந்த வீட்டுக்காரி ஒரு டாக்டரின் குரலுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்து, போன விரலைப் பிடித்து நிறுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுகிறேன்.